போகிற திசைக்கு முதுகு

அக்கா, இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் கூட இருக்கிறவர்களுக்கும் வேண்டாம், இதைக் கொண்டுவந்து கொடுக்கிற மாடிவீட்டு அண்ணனுக்கும் வேண்டாம். அவர் கொடுத்துவிட்டு உடனே போக மாட்டார், வீட்டில் என்ன சேதி என்று வாசலிலேயே நிற்பார். அவருக்கு மேலே இருக்கிற தாளை வாசித்துக் காட்டு, அது போதும். அது அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது, எப்போதும் போல. இது அதன் நடுவில் நானாக மடித்து வைத்தது. படித்து முடித்ததும் பொடிப்பொடியாகக் கிழித்துவிடு. உனக்குச் சத்தியம் செய்து கொடுக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை, சத்தியம் என்றாலே இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீ நல்ல உடம்போடும் மனதோடும் இருக்க வேண்டும் என்பதுதான் முதலில். மேல் தாளில் அப்பா "இங்கு யாவரும் சுகம், உன் சுகம் கேட்டால்தான் எங்களுக்கு நிம்மதி" என்று எழுதச் சொன்னார். அம்மா சுகம்தான், நானும் சுகம்தான். யாவரும் என்று எழுதும்போதுதான் எனக்குக் கை ஓடவில்லை. "என்ன கண்டக்டர், வண்டி நின்னுடுச்சு"ன்னு கேட்டார். பேனாவில் மை வரவில்லை என்று உதறிக் காட்டினேன். நீ போன பிறகு நான்தான் கண்டக்டர், அதுவும் உனக்குத் தெரியும். நிற்க என்று எழுதச் சொல்லும்போதெல்லாம் இன்னும் பஸ்ஸில் பிரேக்கை அழுத்துகிற மாதிரி வலது காலைத் தரையில் அழுத்துகிறார். இன்றைக்கு ஐந்து தடவை நிற்க போட்டார். அம்மா அடுப்படியிலிருந்து "இத்தனை ஸ்டாப்பிங்ல நிறுத்தினா லெட்டர் எப்பப் போய்ச் சேரும்"ன்னு கேட்டாள். அப்பா சிரித்தார். அவர் சிரிக்கிறார் என்பதுதான் அக்கா இந்த வீட்டில் இப்போது எல்லாப் பிரச்சினைக்கும் காரணம்.

படகு வாங்கியது உனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பதவி உயர்வு கொடுத்து டிப்போவில் சாவி அறையில் உட்கார வைத்த பிறகு வீட்டில் அவர் பேச்சே இல்லாமல் போனதும், சாப்பிட்டு முடித்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், அதையெல்லாம் நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, ஏனென்றால் எழுதச் சொல்கிறவரே அவர்தான். பிறகு ஒரு நாள் பாய் கட்டி ஓட்டுகிற இந்தச் சின்னப் படகோடு வந்து நின்றார். வாங்கின நாளிலிருந்து பழைய மனிதராக ஆகிவிட்டார், குளியலறையில் பாட்டு, அம்மாவைக் கிண்டல், என் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு "இது எந்த ஊரு கணக்கு"ன்னு கேட்பது, எல்லாம் திரும்பி வந்துவிட்டது. போன மாதக் கடிதத்தில் "காற்று குறைந்ததால் நானும் உன் அம்மாவும் சற்றுத் தாமதமாகத் திரும்பினோம்" என்று ஒரு வரி இருந்திருக்கும். சற்றுத் தாமதம் என்றால் என்ன என்று நான் சொல்கிறேன். நடுத்தண்ணீரில் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. பாய் ஈரத்துணி மாதிரித் தொங்கிவிட்டது. தண்ணீர் கடல் பக்கம் இழுக்கிற நேரம், படகு தானாகச் சரக்குப் படகுகள் போகிற வழிக்குள் போய்விட்டது. பழைய சொந்தக்காரர் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் படகை விற்றார், துடுப்பும் கிடையாது. அம்மா தட்டால் தண்ணீரைத் தள்ளினாளாம். சிரிக்காதே அக்கா, எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது, அம்மா அந்தத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக் காட்டியதைப் பார்த்த பிறகு வரவில்லை. ஒரு சரக்குப் படகு ஹாரன் அடித்துக்கொண்டே அவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறது. கடைசியில் மணல் அள்ளுகிற படகுக்காரர்கள் கயிறு வீசி இழுத்து வந்தார்கள். அதில் ஒருவர் "துடுப்பு இல்லாம படகு விட வந்துட்டாரு பெரிய மனுஷன்"ன்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாராம். அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாவது நாள் துறைப்பக்கம் இருக்கிற கயிற்றுக்கடைக்குப் போய் இரண்டு துடுப்போடு வந்தார். பஸ்ஸில் ஏற்ற முடியாமல் தோளில் வைத்து நடந்தே வந்தார்.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. துடுப்பு இரண்டும் அடுப்படிக் கதவிலிருந்து வாசல் வரைக்கும் குறுக்கே படுத்திருக்கின்றன, வேறு எங்கும் வைக்க இடம் இல்லை. நானும் அம்மாவும் தினம் ஒரு தடவையாவது இடித்துக்கொள்கிறோம், அப்பா மட்டும் இருட்டில்கூட ஒரு துளி உரசாமல் தாண்டிப் போவார், பெரிய வண்டி ஓட்டினவருக்கு அந்த அளவு கண்ணிலேயே இருக்கிறது. வார்னிஷ் அடித்த இரண்டு நாளும் சாப்பாட்டு மேசை மேல் துடுப்புதான் சாப்பிட்டது, நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். துடுப்பைத் தாங்குவதற்கு இரும்பில் ஒன்று உண்டு, கவட்டை மாதிரி இரண்டு கொம்போடு மேலே பார்த்து நிற்கும், கீழே ஒரு காம்பு, அந்தக் காம்பு படகின் விளிம்பில் பதித்த குழிக்குள் இறங்கித் திரும்பும். கடைக்காரர் அதற்கு என்னவோ பெயர் சொன்னார், அப்பா கவட்டை என்கிறார், அதனால் வீட்டில் எல்லாருக்கும் அது கவட்டை. முதலில் வாங்கின கவட்டையில் ஒன்றைக் குழியில் வைத்துப் பார்க்கும்போதே தண்ணீருக்குள் விட்டுவிட்டார், ப்ளுக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புதிதாக வாங்கினதற்குக் கழுத்தில் நூல் கயிறு கட்டியிருக்கிறது, தொலையாமல் இருக்க. படகின் விளிம்புப் பலகை மெல்லியது, அதில் வெறும் திருகாணி போட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று உள்பக்கம் கெட்டிக் கட்டை கொடுத்து, துளை போட்டு, போல்ட்டை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரவிட்டு முடுக்கினார். அந்தக் கட்டை நம் கட்டிலின் உடைந்த கால். துடுப்பு கவட்டையில் உரசுகிற இடத்தில் தோல் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் மரம் தேய்ந்துவிடும். தோலுக்கு உன் பழைய பள்ளிக்கூடப் பையை வெட்டிவிட்டார். நான் கத்தினேன். "அவ பை நம்ம கூடவே வரட்டுமே"ன்னு சொன்னார். அம்மா மெழுகு தடவின நூலால் இறுக்கித் தைத்தாள், தைக்கும்போது விரலில் ஊசி ஏறி, உறிஞ்சிக்கொண்டே தைத்தாள். இடது துடுப்பில் உன் பெயரின் முதல் எழுத்து இன்னும் தெரிகிறது, நீ பேனாவால் கீறினது.

இவ்வளவும் சரியாகத்தான் செய்தார் அக்கா. தவறு ஒரே இடத்தில்தான், அதுவும் அப்பா மட்டும்தான் செய்யக்கூடிய தவறு. துடுப்புப் போடுகிறவர்கள் எல்லாரும் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்கள், உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பதில்தான் பலம். கவட்டையும் அதற்கேற்ற மாதிரி உட்காரும் பலகைக்குப் பின்பக்கம், படகின் வால் பக்கமாக ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும். அப்பா அதைப் பலகைக்கு முன்பக்கம் பதித்துவிட்டார். முன்னால் பார்த்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலத் துடுப்பைப் பிடித்துத் தள்ளுவாராம். கயிற்றுக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு "இந்தப் பலகையில எந்தப் பக்கம் பாத்து உக்காருவீங்க"ன்னு கேட்டார். அப்பா "ரோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்"னு சொன்னார். அவர் சிரித்துவிட்டு, தண்ணீரில் முதுகு காட்டித்தான் போக வேண்டும், அப்படித் தள்ளினால் குளத்தில்கூட நகராது, கழற்றித் திருப்பி வைத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "முப்பது வருஷம் ஜனங்கள ஏத்திக்கிட்டு ஓட்டினவன்யா நான். போற பக்கம் பாக்காம ஓட்டுன்னா என்ன அர்த்தம், பின்னால இருக்கிறவங்க உசுருக்கு யாரு பொறுப்பு"ன்னு கேட்டார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போதுகூடக் கண்டக்டர் இறங்கி நின்று வா வா என்று சொன்னால்தான் எடுப்பார், அது நமக்குத் தெரியும். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். குழி பதித்தாகிவிட்டது, போல்ட் முடுக்கியாகிவிட்டது, பசையும் காய்ந்துவிட்டது.

போன சனிக்கிழமை காலை என்னை மட்டும் கூட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கப் போனார். பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டோம், துடுப்பு மட்டும்தான். நான் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அப்பாவின் முதுகுதான் தெரியும். போகும்போது நன்றாகத்தான் போனது, ஏனென்றால் தண்ணீரே இழுத்துக்கொண்டு போனது. "பாத்தியா, கடைக்காரன் வாயத் தைக்கணும்"னு சொன்னார். நான் ரைட் ரைட் என்று சொன்னேன். திரும்பும்போதுதான் தெரிந்தது. தள்ளத் தள்ளக் கரையில் இருக்கிற அந்த மஞ்சள் கட்டடம் அதே இடத்தில் நின்றது, பிறகு மெதுவாக எங்களைத் தாண்டி முன்னால் போக ஆரம்பித்தது. நாங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். அப்பா குனிந்து குனிந்து தள்ளினார், சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. நான் போதும்பா என்று சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கையை எடுத்துப் படகின் விளிம்பில் தட்டினார். ஒரு தட்டு.

உனக்கு நினைவிருக்கும், பஸ்ஸின் பக்கத் தகரத்தில் கண்டக்டர் தட்டுவது, இரண்டு தட்டு என்றால் போலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்து. வீட்டிலும் அதே கதைதான், அப்பா எந்தக் கதவையும் டக் டக் என்று இரண்டு தட்டுதான் தட்டுவார். நாம் குளியலறைக் கதவை வேண்டுமென்றே ஒரு தட்டு தட்டினால் உள்ளேயிருந்து "எவன்டா நடுரோட்டுல நிறுத்துறது"ன்னு கத்துவார். அதனால் நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். "என்ன டிரைவர், ஸ்டாப்பிங் வந்துடுச்சா"ன்னு கேட்டேன். அவர் திரும்பவில்லை. வலது துடுப்பு கையை விட்டுத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு வந்தது, அம்மா தைத்த தோல் வளையம் மட்டும் கவட்டையில் சிக்கி அதைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பலகையைத் தாண்டி முன்னால் போய் முகத்தைப் பார்த்தேன். அக்கா, அந்த நிறத்தை நான் எழுத மாட்டேன். சட்டைப்பையைக் காட்டினார். உள்ளே சின்னக் குப்பி. அதிலிருந்து பொட்டு மாதிரி ஒரு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் தானே வைத்துக்கொண்டார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. மாத்திரை ஏற்கெனவே பையில் இருந்தது. எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பக்கத்தில் ஒரு படகும் இல்லை. பாய்மரத்தின் அடியில் தண்ணீர் பாட்டில் வைக்கிற பெட்டி இருந்தது, அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அப்பா தன் பலகையில் முன்னால் பார்த்து, நான் பெட்டி மேல் பின்னால் பார்த்து, முழங்காலும் முழங்காலும் இடித்தன. கவட்டை இரண்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. துடுப்பின் பிடிகளை என் பக்கமாக இழுத்தேன், படகு நகர்ந்தது. இன்னொரு தடவை இழுத்தேன், நகர்ந்தது. அவர் தவறாக வைத்த கவட்டை எதிரில் உட்கார்ந்தவளுக்குச் சரியாக இருந்தது. ஆனால் எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, என் முதுகுக்குப் பின்னால்தான் கரை. எனக்குத் தெரிந்தது அப்பாவின் முகம் மட்டும்தான். அவர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை மெல்லத் தூக்கினார். "வா... வா... வரலாம்... லெஃப்ட் ஒடி"ன்னு சொன்னார், மூச்சே இல்லாமல். "யாரு லெஃப்ட்டுப்பா, உங்க லெஃப்ட்டா என் லெஃப்ட்டா"ன்னு அழுதுகொண்டே கத்தினேன். கையைக் காட்டினார். நான் அவர் கை போன பக்கம் இழுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவர் கண் கொஞ்சம் சுருங்கி, பிறகு தளர்ந்தது, அதை வைத்துத்தான் துறை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, அப்புறம்தான் படகு முட்டியது.

துறைப்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நிறம் திரும்பி வந்தது. வந்ததும் முதல் வேலையாக என்னைச் சத்தியம் செய்யச் சொன்னார், அம்மா தலை மேல், யாரிடமும் சொல்லக் கூடாது என்று. டாக்டரிடம் போகலாம் என்றேன். "போகாமலா மாத்திரை வந்துச்சு"ன்னு கேட்டார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அது பதவி உயர்வு இல்லையாம். வருஷா வருஷம் டிரைவர்களுக்கு உடம்பு பார்ப்பார்களே, அதில் இந்த முறை நெஞ்சில் கோளாறு என்று எழுதி வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்களாம். இனி சாவியை எடுத்துக் கொடுக்கிற வேலைதான். "நேத்து வந்த பசங்க சாவி வாங்கிட்டுப் போறானுங்க, நான் ஆணியில மாட்டுறேன், எடுக்கிறேன், மாட்டுறேன்"னு சொன்னார். நாம் எல்லாரும் கைதட்டினோமே அக்கா, நீ போனில் வாழ்த்துச் சொன்னாயே, அன்றைக்கு நடந்தது அதுதான். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். என் கையைத் திருப்பிக் கொப்புளத்தைப் பார்த்தார். வீட்டில் அம்மா கேட்டபோது பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும் போட்டி என்று சொல்லிவிட்டேன். "ஜெயிச்சீங்களா"ன்னு கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போது விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் படகில் போகப் போகிறார். மேல் தாளில் கடைசிக்கு முந்தின நிற்க-வுக்குப் பிறகு அது இருக்கிறது, "துடுப்பு பொருத்தியாகிவிட்டதால் இனி கவலை இல்லை" என்று. அதை நான்தான் என் கையால் எழுதினேன். நடுவில் அதே சரக்குப் படகுகள் போகிற வழி. பாலம் சுற்றிப் பஸ்ஸில் போகலாமே என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். "அந்த பஸ்ஸ ஓட்டறது யாருன்னு தெரியுமா, என்கிட்ட சாவி வாங்கிட்டுப் போற பையன்"னு சொன்னார். அம்மாவுக்கு அதில் என்ன வலி என்று புரியவில்லை, பெருமை என்று நினைத்தாள். அம்மா தனியாக இருக்கும்போது போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பரீட்சை நேரத்தில் தனியாக இருக்கப் பயம் என்று நினைத்துக்கொண்டாள். "எனக்கும் தண்ணின்னா குலை நடுங்குதுடி. ஆனா அந்தப் படகு வந்தப்புறம்தான் மனுஷன் சிரிக்கிறாரு. நான் வரலன்னு எந்த வாயால சொல்றது"ன்னு கேட்டாள். சாயங்காலம் மூச்சுப் பிடித்து உட்கார்ந்து பழகுகிறாள், படகு ஆடினால் பிடித்துக்கொள்ள நாற்காலியின் இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு. பார்த்தால் அழுகை வருகிறது.

நான் யோசிக்காத வழி இல்லை. கவட்டை இரண்டும் நான் எழுதுகிற இந்தப் பின்னறையில்தான் ஆணியில் தொங்குகின்றன, பாயும் இங்கேதான் காய்கிறது. நேற்று ஒரு கவட்டையை எடுத்து என் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுவிட்டேன். அரை நாள் அதைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக அலைந்தேன். பிறகு தோன்றியது, கவட்டை இல்லாவிட்டால் என்ன செய்வார், துடுப்பு இல்லாமலே பாயை மட்டும் நம்பிப் போவார், போன தடவை மாதிரி, இந்த முறை இழுத்துவர மணல் படகு இருக்குமோ இருக்காதோ. வந்ததும் திரும்ப மாட்டிவிட்டேன். மாட்டின பிறகு தோன்றியது, கவட்டை இருந்தால் தள்ளுவார், தள்ளினால் நெஞ்சு. எடுத்தாலும் தப்பு, வைத்தாலும் தப்பு. கயிற்றுக்கடைக்காரரிடம் போய்த் திருப்பிப் பதித்துத் தரச் சொல்லலாம் என்று கடை வாசல் வரைக்கும் போனேன், அவர் திருப்பிப் பதித்தால் மட்டும் அப்பா திரும்பி உட்காருவாரா. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், நான் அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்து இழுக்கிறேன், நீங்கள் முன்னால் பார்த்து வழி சொல்லுங்கள், அன்றைக்கு வந்த மாதிரியே வந்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை மெதுவாகச் சொன்னேன். செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு டிரைவர் வைக்கிற அளவுக்கு வந்தாச்சா"ன்னு கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை அக்கா. அதிலிருந்து என் கண்ணைப் பார்ப்பதில்லை. கடிதம் சொல்லும்போதுகூட ஜன்னலைப் பார்த்தே சொன்னார். அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம். உடைத்தால் அம்மா அழுவாள், அப்பா "சின்னப் பொண்ணு, தண்ணியப் பாத்து மிரண்டுட்டா"ன்னு சிரிப்பார், அம்மா அந்தச் சிரிப்பைத்தான் நம்புவாள், நம்பவில்லையென்றால் அவர் திரும்பச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அதுவும் அவரைக் கொன்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது, மெதுவாக.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது, போன் கூடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாடிவீட்டு அண்ணன் நாளைக் காலை கிளம்பினால் வெள்ளிக்கிழமை இரவு உன்னிடம் வந்துவிடுவார். நீ எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதே, அப்போது அவர்கள் தண்ணீரில் இருப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. சண்டை போடாதே, மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. கடிதம் வந்தது, நான் இல்லாமல் அக்கரைக்கு முதல் ட்ரிப் போகக் கூடாது, என் பையின் தோல் சுற்றின துடுப்பு, நான் வந்து ஏறின பிறகுதான் வண்டி எடுக்க வேண்டும் என்று சண்டைக்கு நில். நீ சின்ன வயதில் டிப்போ வாசலில் பஸ்ஸுக்கு முன்னால் படுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அடம்பிடித்ததை அவர் இன்னும் எல்லாரிடமும் சொல்கிறார். உனக்காக அவர் நிறுத்துவார். நான் சொன்னால் அது பயம், நீ சொன்னால் அது ஆசை. அவருக்கு ஒன்றும் குறைந்து போகாது, வண்டியிலிருந்து இறங்கினதாக ஆகாது, மகளுக்காகக் காத்திருப்பதாக ஆகும். எப்போது வருகிறாய் என்று கேட்பார். உனக்கு லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும், போன வருஷமும் கிடைக்கவில்லை, அதற்கு முந்தின வருஷமும். ஏதாவது ஒரு மாதத்தைச் சொல். சொல்லிவிட்டு, முடிந்தால், அந்த மாதம் வந்துவிடு. நீ வந்தால் அவரை டாக்டரிடம் உட்கார வைக்கலாம், அம்மாவிடம் நீயே சொல்லலாம், கவட்டையைப் பற்றி யோசிக்கலாம். எனக்கு இதைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. இதுவும் சரியா என்று தெரியவில்லை. அண்ணனின் ரயில் தாமதமானால், நீ இரவு வேலைக்குப் போயிருந்தால், அவர் உன்னைப் பார்க்காமல் கீழே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய்விட்டால், என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் அறையில் வேலை பார்த்துவிட்டு உடனே வெந்நீரில் கை வைக்காதே, அம்மா சொல்லச் சொன்னாள், மேல் தாளில் அப்பா அதை விட்டுவிட்டார். அம்மா பின்னின உள்சட்டையைப் போட்டுக்கொள், அது அளவு பெரிதாக இருந்தாலும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, கொப்புளம் காய்ந்துவிட்டது. அப்பா கடிதத்தை முடிக்கும்போது உனக்கு நூறு வருஷ ஆயுசு என்று வாழ்த்துவார், இன்றைக்கும் சொன்னார், எழுதியிருக்கிறேன். சின்னவள் நான் பெரியவளை வாழ்த்தக் கூடாது, ஆனாலும் யாராவது யாரையாவது வாழ்த்தியே ஆக வேண்டும் போல இருக்கிறது, அதனால் நீ நன்றாக இரு அக்கா, அவரும் நன்றாக இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம். மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்

அக்கா, யாரோ வருகிறார்கள். துடுப்பில் கால் இடித்த சத்தம் கேட்டது. அம்மா என்றால் என்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் வருவாள். அப்பா இடிக்கவே மாட்டார். கதவைத் தட்டுகிறார்கள். ஒரு தட்டு. இரண்டாவது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும்